கச்சா எண்ணெய் விலை விழுந்தால் யார் தாங்குவார்கள்? கனடா எண்ணெய் மணலும் அமெரிக்க ஷேலும்

அமெரிக்கப் பங்குகளில் முதலீடு பற்றி வீடியோ போட்டதிலிருந்து ஒரே மாதிரி கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சார், கனடா எண்ணெய் கம்பெனிகள் நல்ல டிவிடெண்ட் தர்றாங்க. ஆனா எண்ணெய் மணலில் எடுக்குற எண்ணெய்தான் உலகத்திலேயே செலவு அதிகம்னு சொல்றாங்களே? விலை இறங்கினா முதல்ல மூடுறது அவங்கதானே? அதுக்கு அமெரிக்க ஷேல் கம்பெனி வாங்குறது பாதுகாப்பு இல்லையா?"

நியாயமான கேள்வி. "செலவு அதிகம்" என்ற ஒரு வார்த்தைக்குள் இரண்டு மூன்று வேறு வேறு செலவுகள் ஒளிந்திருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் இந்தப் பங்குகளைத் தொட்டால் பணம் போகும். இன்றைக்கு அதைத்தான் பிரிக்கப் போறோம். கணக்கு கொஞ்சம் வரும், ஆனா பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

முதலில், இரண்டும் என்ன?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஃபோர்ட் மெக்மரி என்ற ஊரைச் சுற்றி, மணலோடு கலந்து பிட்டுமின் கிடக்கிறது. ரோடு போடும் தார் மாதிரி கெட்டியானது, தானாக ஓடாது. மேலாக இருந்தால் பெரிய பெரிய ஷவல், லாரிகளை வைத்துச் சுரங்கம் மாதிரி வெட்டி, வெந்நீரில் அலசிப் பிரிப்பார்கள். ஒரு பேரல் எண்ணெய்க்குச் சுமார் இரண்டு டன் மணலை அள்ள வேண்டும். ஆழத்தில் இருந்தால் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கிடைக்கிணறு போட்டு, மேல் கிணற்றில் நீராவியைச் செலுத்துவார்கள். பிட்டுமின் இளகி கீழ்க் கிணற்றில் வடியும். சன்கோர், கனடியன் நேச்சுரல், இம்பீரியல் ஆயில், செனோவஸ் இவைதான் முக்கியமான பெயர்கள்.

ஷேல் என்பது அமெரிக்காவில் டெக்ஸாஸ், நியூ மெக்சிகோவில் பரவியிருக்கும் பெர்மியன், டெக்ஸாஸின் ஈகிள் ஃபோர்ட், நார்த் டகோட்டாவின் பாக்கன் போன்ற இடங்களில் இறுகிய பாறைக்குள் இருக்கும் லேசான எண்ணெய். கிடைமட்டமாகத் துளையிட்டு, தண்ணீரையும் மணலையும் பெரிய அழுத்தத்தில் அடித்துப் பாறையைப் பிளந்து எடுக்கிறார்கள். ஒரு கிணறு சில மாதத்தில் தயார். ஆனால் முதல் வருடத்திலேயே உற்பத்தி மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு விழுந்துவிடும்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஷேல் ஒரு கீரைப் பாத்தி. விதைத்த மாசமே காசு, ஆனா திரும்பத் திரும்ப விதைக்கணும். எண்ணெய் மணல் ஒரு தென்னந்தோப்பு. காய்க்க வருஷக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் கைக்காசு போட்டுக்கிட்டே இருக்கணும். காய்க்க ஆரம்பிச்சா பல பத்தாண்டு. விலை விழுந்தால் கீரைக்காரர் விதைக்காமல் விட்டுடலாம். தென்னைக்காரர் மரத்தை வெட்டவும் முடியாது, அதுக்கு அவசியமும் இல்லை.

"பிரேக் ஈவன்" என்று சொன்னால் எதை?

இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க. இரண்டு பக்கக் கம்பெனிகளின் பிரசன்டேஷனிலும் "எங்கள் பிரேக் ஈவன் 40 டாலர்" என்கிற மாதிரி ஒரு ஸ்லைடு இருக்கும். இரண்டும் ஒரே விஷயம் இல்லை.

ஒரு திட்டத்தைப் புதிதாகத் தொடங்கினால் போட்ட காசு எல்லாம் லாபத்தோடு திரும்ப என்ன விலை வேண்டும் என்பது ஒரு கணக்கு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை ஓட்ட மட்டும் என்ன வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. உற்பத்தியைக் குறையாமல் வைத்து, வட்டியும் டிவிடெண்டும் கட்டி, கடன் ஏறாமல் இருக்க என்ன வேண்டும் என்பது மூன்றாவது. முதல் கணக்கில் எண்ணெய் மணல் உலகிலேயே விலை உயர்ந்ததில் ஒன்று. மூன்றாவதில் பழைய, ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய் மணல் பல ஷேல் கம்பெனிகளைவிடச் செலவு குறைந்தது. "எண்ணெய் மணல் மூடிடும்" என்று சொல்பவர்கள் முதல் கணக்கை எடுத்து மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

டல்லஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஷேல் கம்பெனிகளிடம் வருடாவருடம் இதைக் கேட்கும். 2025 மார்ச் சர்வேயில், ஏற்கெனவே இருக்கும் கிணறுகளை ஓட்ட சராசரியாக 41 டாலர் போதும், புதுக் கிணறு லாபத்தில் போட 65 டாலர் வேண்டும் என்று வந்தது. ஷேலில் புதுக் கிணறு போடாமல் இருந்தால் கம்பெனியே சுருங்கிவிடும் என்பதால், அந்த 65-தான் நமக்கு முக்கியமான எண்.

ஒரு உதாரணக் கணக்கு

இது நான் விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு, எந்தக் கம்பெனியின் எண்ணும் இல்லை. இரண்டு கம்பெனி. இரண்டும் நாளுக்கு 1 லட்சம் பேரல், அதாவது வருடத்துக்கு 3.65 கோடி பேரல். இரண்டுக்கும் 200 கோடி டாலர் கடன், 7% வட்டி. அமெரிக்க அளவுகோல் விலையான டபிள்யூ.டி.ஐ 45 டாலர் என்று வைப்போம்.

எண்ணெய் மணல் கம்பெனிக்கு 45 கிடைக்காது. கனமான எண்ணெய், தூரம், குழாயில் ஓடுவதற்காகக் கலக்கும் லேசான திரவத்தின் செலவு எல்லாம் சேர்த்து 13 டாலர் கழியட்டும். கையில் 32. ராயல்டி 2, உற்பத்திச் செலவு 18, வட்டியும் அலுவலகச் செலவும் 5. மீதி 7. இயந்திரங்களைப் பராமரித்து உற்பத்தியை அதே அளவில் வைக்க 7. ஆக, பூஜ்ஜியம். லாபமும் இல்லை, சாகவும் இல்லை.

ஷேல் கம்பெனிக்குப் போக்குவரத்து போக 43 கிடைக்கிறது. நில உரிமையாளர் ராயல்டியும் மாநில வரியும் சேர்த்து 25% என்றால் சுமார் 11 போய் 32. உற்பத்திச் செலவு 9, வட்டி, அலுவலகம் 6. மீதி 17. அடடா, நல்லா இருக்கே என்று தோணும். இப்போ கிணற்றுக்கு வாங்க. பழைய கிணறுகள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 40% இறங்குது என்று வைத்தால், 40,000 பேரலைப் புதுசாகக் கொண்டுவரணும். வருடக் கடைசியில் ஒரு புதுக் கிணறு 400 பேரல் தந்தால், 100 கிணறு. ஒன்றுக்கு 80 லட்சம் டாலர் என்றால் 80 கோடி டாலர். 3.65 கோடி பேரலால் வகுத்தால் பேரலுக்கு 22 டாலர். 17-ல் 22 போனால் 5 டாலர் பள்ளம்.

சரி, அந்தக் கம்பெனி என்ன செய்யும்? கிணறு போடுவதை நிறுத்தும். உடனே பணம் கொட்டும்! அந்தக் காலாண்டு ரிசல்ட்டில் "ஃப்ரீ கேஷ் ஃப்ளோ உயர்வு" என்று தலைப்பே வரும். ஆனால் ஒரு வருடம் கழித்து உற்பத்தி 60,000 பேரல். கடன் அதே 200 கோடி. வட்டி பேரலுக்கு 3.80 டாலராக இருந்தது 6.40 அருகே போகும். முன்னாடி ஒவ்வொரு தினசரி பேரலுக்கும் 20,000 டாலர் கடன், இப்போ 33,000-க்கு மேல். சம்பளம் 40% குறைஞ்ச பிறகும் ஹோம் லோன் இ.எம்.ஐ அப்படியே இருக்கிற நிலைமை. இதில் இன்னொரு சிக்கல், பல ஷேல் கம்பெனிகளின் வங்கிக் கடன் வரம்பு நிலத்தடி இருப்பின் மதிப்பை வைத்து வருடத்துக்கு இரண்டு முறை திரும்பக் கணக்கிடப்படும். எண்ணெய் விலை விழுந்தால் அந்த மதிப்பும் விழும், வரம்பும் சுருங்கும். கடன் தேவைப்படும் அதே மாதத்தில் வங்கி கையை இழுத்துக்கொள்ளும்.

அதனால் கேள்வி "எந்த விலையில் மூடுவார்கள்" என்பதைவிட "அந்த விலை எத்தனை மாதம் நீடிக்கும்" என்பதுதான். ஆறு மாதச் சரிவில் ஷேலின் நெகிழ்வு பெரிய பலம். இரண்டு வருடச் சரிவில் கடன் உள்ள ஷேலுக்கு அதுவே வினை.

நிஜத்தில் நடந்தது: 2014 முதல் 2016

2014 ஜூனில் டபிள்யூ.டி.ஐ 100 டாலருக்கு மேல். நவம்பர் 27 அன்று ஓபெக் உற்பத்தியைக் குறைக்க மறுத்தது. 2016 பிப்ரவரியில் விலை 26 டாலர் அருகே. அமெரிக்காவில் எண்ணெய் ரிக்குகள் 2014 அக்டோபரில் 1,609 இருந்தது, 2016 மேயில் 316. ஆனாலும் அமெரிக்க உற்பத்தி 2015 ஏப்ரல் வரை ஏறிக்கொண்டே இருந்தது. முன்கூட்டியே விலையைப் பூட்டி வைத்த ஹெட்ஜ் ஒப்பந்தங்கள், ஏற்கெனவே துளையிட்டுக் காத்திருந்த கிணறுகள், சர்வீஸ் கம்பெனிகளின் ரேட் குறைப்பு இவையெல்லாம் கொஞ்ச காலம் தாங்கின. பிறகு நாளுக்கு 96 லட்சம் பேரல் அளவிலிருந்து 2016 செப்டம்பரில் சுமார் 85 லட்சத்துக்கு இறங்கியது. 2015, 2016 இரண்டு வருடத்தில் வட அமெரிக்காவில் 100-க்கும் மேற்பட்ட எண்ணெய், எரிவாயு உற்பத்திக் கம்பெனிகள் திவால் மனு போட்டன.

ஆல்பர்ட்டாவில் என்ன ஆச்சு? பிட்டுமின் உற்பத்தி 2014-ல் நாளுக்குச் சுமார் 23 லட்சம் பேரல். 2017-ல் 27 லட்சத்தைத் தாண்டியது. 2016 மே மாதம் ஃபோர்ட் மெக்மரி காட்டுத்தீயில் 80,000-க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு வெளியேறி, நாளுக்குச் சுமார் 10 லட்சம் பேரல் உற்பத்தி நின்றும்கூட இந்த நிலை. காரணம் எளிது. சரிவுக்கு முன்னாடியே பாதி கட்டிய திட்டங்களை முடிப்பதுதான் லாபம், ஏனென்றால் போட்ட காசு திரும்பி வராது. சி.ஏ படிப்பில் முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிற சங்க் காஸ்ட்தான் இது.

புதுத் திட்டங்கள் கதை வேறு. ஷெல் 2015 அக்டோபரில் கார்மன் க்ரீக் திட்டத்தைப் பாதியில் கைவிட்டு சுமார் 200 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. 2017 மார்ச்சில் ஷெல் தன் எண்ணெய் மணல் சொத்தில் பெரும்பகுதியைக் கனடியன் நேச்சுரலுக்கும், கோனோகோபிலிப்ஸ் தன்னுடையதைச் செனோவஸுக்கும் விற்றன. வெளிநாட்டுக்காரர்கள் வெளியேற, உள்ளூர்க்காரர்கள் வாங்கிப் போட்டார்கள். இதே நேரத்தில் ஆல்பர்ட்டாவில் வேலையின்மை 2016 நவம்பரில் 9%-ஐத் தொட்டது. கம்பெனி தாங்கியது என்றால் அதில் வேலை செய்தவர்களும் தாங்கினார்கள் என்று அர்த்தம் இல்லை. சம்பளம் வாங்குகிற நாம இதைக் கவனிச்சுக்கணும். வேலையும் முதலீடும் ஒரே தொழிலில் இருக்கக் கூடாது என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

எண்ணெய் மணலுக்கு யாரும் அதிகம் பேசாத இரண்டு ஷாக் அப்சார்பர் உண்டு. ஒன்று, கனடா டாலர். விற்பது அமெரிக்க டாலரில், சம்பளமும் டீசலும் கனடா டாலரில். 2014 நடுவில் ஒரு கனடா டாலர் 93 அமெரிக்க சென்ட் அருகே இருந்தது, 2016 ஜனவரியில் 70-க்கும் கீழே போனது. நம்ம ஐ.டி கம்பெனிகளுக்கு ரூபாய் இறங்கினால் மார்ஜின் ஏறுமே, அதே மாதிரி. இரண்டு, ஆல்பர்ட்டா அரசின் ராயல்டி விலையோடு சேர்ந்து இறங்கும். போட்ட முதலை இன்னும் எடுக்காத திட்டத்துக்கு, டபிள்யூ.டி.ஐ 55 கனடா டாலரோ அதற்குக் கீழோ இருந்தால் வருமானத்தில் 1% மட்டும். 120-ஐத் தொட்டால் 9%. முதலை எடுத்த திட்டத்துக்கு நிகர வருமானத்தில் 25% முதல் 40% வரை. டெக்ஸாஸில் தனியார் நில உரிமையாளருக்குத் தரும் பங்கு ஒப்பந்தப்படி நிலையானது. விலை பாதியானாலும் சதவீதம் மாறாது.

எண்ணெய் மணலின் பலவீனம் எங்கே?

ஒரே இடம், சில குழாய்கள். இதுதான். கனடாவின் கன எண்ணெய் வெஸ்டர்ன் கனடியன் செலக்ட் என்ற பெயரில் டபிள்யூ.டி.ஐ-க்குக் கீழே விற்கும். 2018 இலையுதிர் காலத்தில் குழாய்களில் இடம் இல்லாமல் அந்த வித்தியாசம் 40 டாலரையும் தாண்டியது. உலகச் சந்தையில் விலை மோசமில்லை, ஆல்பர்ட்டாவில் மட்டும் பேரல் 20 டாலருக்கும் கீழே! டிசம்பர் 2 அன்று அப்போதைய முதல்வர் ரேச்சல் நாட்லி, 2019 ஜனவரி முதல் நாளுக்கு 3,25,000 பேரல் உற்பத்தியைக் கட்டாயமாகக் குறைக்க உத்தரவிட்டார். சுவாரஸ்யம் என்னவென்றால் சொந்த ரிஃபைனரி வைத்திருந்த சன்கோரும் இம்பீரியலும் இதை எதிர்த்தன. மலிவான கச்சா அவர்களின் ரிஃபைனரிக்கு லாபம். கனடியன் நேச்சுரலும் செனோவஸும் ஆதரித்தன. ஒரே மண், ஒரே தொழில், எதிரெதிர் நலன்.

2024 மே 1 முதல் ட்ரான்ஸ் மவுன்டன் குழாய் விரிவாக்கம் ஓட ஆரம்பித்து, பசிபிக் கரைக்குப் போகும் கொள்ளளவு நாளுக்கு 3,00,000-லிருந்து 8,90,000 பேரலாக ஏறியதால் இந்தப் பிரச்சினை இப்போதைக்குத் தணிந்திருக்கிறது. உற்பத்தி ஏறிக்கொண்டே போனால் குழாய் மறுபடி நிரம்பும். எண்ணெய் மணல் பங்கு வைத்திருப்பவர் டபிள்யூ.டி.ஐ விலையைவிட இந்த வித்தியாசத்தை அதிகம் கவனிக்கணும் என்பது என் கருத்து.

2020: இரண்டு பேருக்கும் அடி

2020 ஏப்ரல் 20 அன்று டபிள்யூ.டி.ஐ மே ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதே மாதம் கனடா கன எண்ணெய் 5 டாலருக்கும் கீழே போனது. ஓட்டும் செலவே கிடைக்காத விலை இது, அதனால் எண்ணெய் மணலிலும் உற்பத்தியைக் குறைத்தார்கள். ஷேல் பக்கம் விட்டிங் பெட்ரோலியம் ஏப்ரல் 1 அன்றும், ஷேல் புரட்சியின் முகமாக இருந்த செசபீக் ஜூன் 28 அன்றும் திவால் மனு போட்டன. ரிக்குகள் ஆகஸ்டில் 172. முந்தைய வருடம் அனடார்க்கோவைப் பெரும் கடனில் வாங்கிய ஆக்சிடென்டல், காலாண்டு டிவிடெண்டை 79 சென்ட்டிலிருந்து 11-க்கும், பிறகு 1 சென்ட்டுக்கும் வெட்டியது.

ஆல்பர்ட்டாவின் பெரிய நான்கு கம்பெனிகளில் எதுவும் திவாலாகவில்லை. ஆனால் டிவிடெண்டைப் பாருங்க. சன்கோர் 46.5 சென்ட்டிலிருந்து 21-க்கு, 55% வெட்டு. செனோவஸ் மொத்தமாக நிறுத்தி வைத்தது. கனடியன் நேச்சுரல் 42.5 சென்ட்டை அப்படியே கொடுத்தது. 2018-ல் சன்கோரைக் காப்பாற்றிய அதே ரிஃபைனரிகள், ஊரே வீட்டில் முடங்கி பெட்ரோலும் விமான எரிபொருளும் விற்காதபோது சுமையாகிவிட்டன. "எண்ணெய் மணல் பாதுகாப்பு" என்று மொத்தமாக முத்திரை குத்தி வாங்கினால் இந்த வித்தியாசம் தெரியாமலே போகும்.

ஷேலும் அதன் பிறகு மாறிவிட்டது என்பதைச் சொல்லியாகணும். கடனில் வளரும் பழக்கம் குறைந்தது, பெரியவர்கள் சின்னவர்களை வாங்கினார்கள். பயனியரை எக்ஸான்மொபில் வாங்கி 2024 மேயில் முடித்தது. கடன் குறைந்த, நல்ல நிலம் உள்ள ஷேல் கம்பெனி கடன் ஏறிய எண்ணெய் மணல் கம்பெனியைவிட நன்றாகவே தாங்கும். 2025 மே மாதம் விலை 60 டாலர் பக்கம் வந்தபோது, பெர்மியனின் டயமண்ட்பேக் தன் பங்குதாரர் கடிதத்தில் இந்த விலையில் அமெரிக்க உற்பத்தி உச்சத்தைத் தொட்டிருக்கலாம் என்ற கருத்தைச் சொல்லி, முதலீட்டையும் குறைத்தது. பாத்தி மறுபடி விதைக்காமல் விடப்படுகிறது, அவ்வளவுதான். விலை ஏறினால் திரும்ப விதைப்பார்கள். அந்த ஏற்றத்தில் லாபம் முதலில் வருவதும் ஷேலுக்குத்தான்.

நம்ம நாட்டுக் கம்பெனி ஒன்றும் இதில் கால் வைத்தது. ரிலையன்ஸ் 2010-ல் அமெரிக்க ஷேலில் அட்லஸ், பயனியர் கம்பெனிகளோடு கூட்டு சேர்ந்தது. 2021-ல் கடைசிச் சொத்தையும் விற்றுவிட்டு முழுசாக வெளியே வந்தது.

ஆண்டறிக்கையில் எதைத் தேடணும்?

நான் முதலில் தேடுவது வருடாந்திர உற்பத்திச் சரிவு விகிதம். ஆங்கிலத்தில் பேஸ் டிக்ளைன் என்று போட்டிருப்பார்கள். அடுத்து, உற்பத்தியை அதே அளவில் வைக்க ஆகும் முதலீடு, அதாவது சஸ்டெய்னிங் கேபிடல். பிரேக் ஈவன் எண்ணுக்குள் அதுவும் டிவிடெண்டும் சேர்ந்திருக்கிறதா என்று அடிக்குறிப்பைப் படிங்க. பெரும்பாலும் விஷயம் அடிக்குறிப்பில்தான் இருக்கும். ஷேல் என்றால் ஹெட்ஜ் எத்தனை மாதத்துக்கு இருக்கு, கடன் எந்த வருடம் முதிர்கிறது. எண்ணெய் மணல் என்றால் எத்தனை சதவீதம் மேம்படுத்தி விற்கிறார்கள், குழாயில் உறுதியான இடம் எவ்வளவு, கழிவுநீர்க் குளங்களையும் நிலத்தையும் சீர்செய்ய வைத்திருக்கும் ஒதுக்கீடு எவ்வளவு. இந்தக் கடைசி எண் பல பத்தாண்டுக்கு அப்புறம் வரும் செலவு என்பதால் இன்றைய மதிப்பில் சின்னதாகத் தெரியும், நம்பிடாதீங்க.

இருப்புக் குறைந்ததாக எழுதும் நஷ்டத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அமெரிக்க விதிப்படி நிரூபிக்கப்பட்ட இருப்பைக் கடந்த 12 மாத சராசரி விலையில்தான் கணக்கிடணும். அதனால்தான் எக்ஸான்மொபில் 2016 கணக்கில் கேர்ல் எண்ணெய் மணலின் சுமார் 350 கோடி பேரலைப் பட்டியலிலிருந்து எடுத்தது. எண்ணெய் எங்கேயும் போகவில்லை, அதே மண்ணுக்குள்தான் இருந்தது.

வாங்குவதாக இருந்தால் வரிக் கணக்கையும் போட்டுக்கோங்க. கனடாவும் சரி, அமெரிக்காவும் சரி, நம்மைப் போன்ற தனிநபருக்கு வரும் டிவிடெண்டில் 25% அங்கேயே பிடிப்பார்கள். இங்கே அது உங்கள் ஸ்லாப் படி வருமானம், அங்கே பிடித்ததற்கு ஃபாரின் டாக்ஸ் கிரெடிட் எடுக்கலாம். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்.ஏ நிரப்பணும். அதற்குப் போடுவது நிதியாண்டுக் கணக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கு. ஐ.டி.ஆர் 1-ல் அந்த ஷெட்யூலே கிடையாது, அதனால் குறைந்தது ஐ.டி.ஆர் 2. மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் உண்டு. அந்த ஷெட்யூலை ஒவ்வொரு கட்டமாக நிரப்புவது எப்படி என்று அடுத்த வீடியோவில் ஸ்கிரீனிலேயே காட்டுறேன்.